புத்தகமும் பட்டறையும்: ஜி.டி. நாயுடு நமக்கு விட்டுச்சென்ற கேள்வி



கோத்தா கோலா மூடாவிலிருந்து சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் வரைக்கும் நம்மவர் வீடுகளில் ஒரு கவலையை நான் அடிக்கடி கேட்கிறேன். பையன் டிப்ளோமா முடித்துவிட்டான், மகள் பட்டம் வாங்கிவிட்டாள், ஆனால் படித்த படிப்புக்கு ஏற்ற வேலை கிடைக்கவில்லை என்கிறார்கள் பெற்றோர். கம்பெனிக்காரர்களைக் கேட்டால் அவர்கள் வேறு மாதிரி குறைப்படுகிறார்கள். சான்றிதழோடு வருகிறார்கள், ஆனால் மிஷின் பக்கத்தில் நிற்கத் தயங்குகிறார்கள் என்கிறார்கள். இரண்டு பக்கமும் சொல்வது உண்மைதான். நான் பல ஆண்டுகளாகக் கூலிம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். காலேஜிலிருந்து பயிற்சிக்கு வரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும் என் வேலையில் சேர்ந்தது. அதனால் இந்த இரண்டு குறைகளும் தினமும் என் காதில் விழுகின்றன.

இந்தச் சிக்கல் நம் காலத்தில் முளைத்தது இல்லை. ஏறக்குறைய 80 ஆண்டுகளுக்கு முன்பே கோயம்புத்தூரில் ஒருவர் இதை நேருக்கு நேர் பார்த்தார். சொந்தப் பணத்தைக் கொட்டிப் பொறியியல் கல்லூரி எழ வழி செய்தார். அதற்கே முதல்வராகவும் உட்கார்ந்தார். அரசாங்கத்தோடு கருத்து ஒத்துப்போகாமல் பதவியை விட்டு வெளியேறினார். இத்தனைக்கும் அவர் கையில் எந்தப் பட்டமும் இல்லை. அவர்தான் கோபால்சாமி துரைசாமி நாயுடு. ஜி.டி. நாயுடு என்றால்தான் நமக்குத் தெரியும். இந்தியாவின் எடிசன் என்று பள்ளியில் ஒரு வரியில் படித்துவிட்டுத் தாண்டிப் போன மனிதர். அந்த ஒரு வரிக்குள் நமக்கு வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. அதனால்தான் இந்த இதழில் அவர் வாழ்க்கையை எடுத்துக்கொண்டேன்.

பிரித்துப் போட்ட மோட்டார் சைக்கிள்

1893 மார்ச் 23-ஆம் நாள், கோவைக்கு அருகே கலங்கல் என்னும் சிற்றூரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் நாயுடு பிறந்தார். சின்ன வயதிலேயே தாயை இழந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஆரம்ப வகுப்புகளைத் தாண்டுவதற்கு முன்பே படிப்பை விட்டுவிட்டு வயல் வேலையில் இறங்கினார். இன்றைக்கு இப்படி ஒரு பையன் இருந்தால், இவன் உருப்பட மாட்டான் என்று ஊரே முடிவு கட்டிவிடும், இல்லீங்களா?

ஒருநாள் அந்த ஊர்ப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார். மாட்டு வண்டியைத் தவிர வேறு வண்டி தெரியாத இளைஞருக்கு, மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் தானாக ஓடும் அந்த வண்டி பெரிய அதிசயம். மற்றவர்கள் அதை வேடிக்கை பார்த்தார்கள். இவருக்கோ அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்தே ஆகவேண்டும். தெரிய வேண்டுமென்றால் கையில் ஒரு வண்டி வேண்டும், வண்டிக்குப் பணம் வேண்டும். ஊரை விட்டுக் கோவைக்குப் போனார். ஒரு ஓட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்தார். கடைசியில் 300 ரூபாய்க்கு அந்த வண்டியையே அந்த அதிகாரியிடமிருந்து வாங்கினார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

வாங்கினதும் அவர் செய்த காரியத்தைப் பாருங்க. ஊரைச் சுற்றிக் காட்டவில்லை. வண்டியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினார். திரும்பப் பூட்டினார். எந்தப் பாகம் எதைத் தள்ளுகிறது, எந்தப் பாகம் எதை இழுக்கிறது என்று கையாலேயே படித்துக்கொண்டார். எஞ்சின் பாடத்தில் அவருக்கு முதல் வாத்தியார் அந்த வண்டிதான். பின்னாளில் அவர் கட்டியதெல்லாம் இந்த ஒரு பழக்கத்திலிருந்து வந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் நேராக மேலே ஏறிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் திருப்பூரில் பஞ்சுத் தொழிலில் இறங்கிப் பணம் பார்த்தார். பிறகு பம்பாய்க்குப் போய்ப் பஞ்சு வியாபாரத்தில் பெரிய அளவில் கை வைத்தார். சம்பாதித்தது அத்தனையும் போயிற்று. வெறும் கையோடு கோவைக்குத் திரும்பினார். கையில் மிஞ்சியது எஞ்சினைப் பற்றிய அறிவு மட்டும்தான்.

பொள்ளாச்சி - பழனி பஸ்

கோவையில் அப்போது தொழில் நடத்திவந்த ஆங்கிலேயர் ராபர்ட் ஸ்டேன்ஸ். துரைசாமியின் கைத்திறமையையும் உழைப்பையும் பார்த்து நம்பிக்கை வைத்தார். 8,000 ரூபாய் விலையுள்ள ஒரு பஸ்ஸை வாங்குவதற்கு ஸ்டேன்ஸ் 4,000 ரூபாய் கடன் கொடுத்தார். மீதியை நாயுடு திரட்டினார். 1920-ல் அந்த ஒரு பஸ் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓடத் தொடங்கியது. முதலாளியே டிரைவர், அவரே மெக்கானிக். முருகனைத் தரிசிக்கப் போன எத்தனையோ பக்தர்களை அந்த பஸ் சுமந்திருக்கும்.

ஒரு பஸ் இரண்டாகி, இரண்டு பத்தாகி, யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற நிறுவனமாக வளர்ந்தது. சுருக்கமாக யு.எம்.எஸ். 1933 வாக்கில் ஏறக்குறைய 280 பஸ்கள் அவரிடம் இருந்தன. நாட்டிலேயே மிக ஒழுங்காக ஓடிய போக்குவரத்து நிறுவனங்களில் ஒன்று என்று அது பெயர் வாங்கியது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது எண்ணிக்கை இல்லை. 280 பஸ்ஸை ஓட வைக்க எத்தனை கைகள் வேண்டும் என்று யோசித்துப் பாருங்க. எஞ்சின் பார்க்க ஆள் வேண்டும், பிரேக் பார்க்க ஆள் வேண்டும், பாடி கட்ட, வயரிங் போட, கணக்கு எழுத, நேரம் பார்க்க ஆள் வேண்டும். அந்தக் காலத்தில் இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் தயாராக வந்து நிற்கவில்லை. வேலைக்கு வந்தவர்களுக்கு வேலையிலேயே கற்றுக்கொடுத்துத்தான் ஆகவேண்டும். பட்டறையே பள்ளிக்கூடமாக இருந்தது. கல்வி பற்றி அவர் பின்னாளில் எடுத்த பிடிவாதமான நிலைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

அதே 1920-களில் நம் தாத்தா பாட்டிமார் இங்கே கெடாவில் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? ரப்பர் தோட்டங்களில் பால் மரம் சீவிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் வேலையிடத்தில்தான் தொழில் கற்றார்கள். பட்டையை எவ்வளவு ஆழம் சீவலாம், கத்தி மரத்தின் கட்டையில் பட்டுவிடாமல் எப்படிப் பிடிப்பது, எந்தச் சாய்வில் வெட்டினால் பால் ஒழுங்காக இறங்கும் என்பதெல்லாம் அம்மா பக்கத்தில் நின்று மகள் கற்ற பாடம். அது சாதாரணத் திறமை இல்லை. ஆனாலும் அந்தத் திறமைக்கு என்ன ஆயிற்று என்பதைக் கொஞ்சம் பின்னால் சொல்கிறேன். நாயுடுவின் கதைக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது.

கோவையில் பிறந்த மின் மோட்டார்

பஸ்ஸோடு அவர் நிற்கவில்லை. 1930-களில் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பயணம் போனார். சுற்றுலாப் பயணி மாதிரி கோபுரங்களைப் பார்த்துவிட்டு வரவில்லை. தொழிற்சாலைகளைப் பார்த்தார், கருவிகளைப் பார்த்தார், பாகங்களை வாங்கினார். ஜெர்மனியின் பொறியியல் அவரை மிகவும் கவர்ந்தது. பேட்டரியில் ஓடும் சிறிய மோட்டார் வைத்து ஒரு மின் சவரக் கருவியை உருவாக்கி, அதற்கு ரேசண்ட் என்று பெயர் வைத்தார். மிக மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, முறைகேடு செய்ய முடியாத ஓட்டுப் பதிவு இயந்திரம் என்று அவர் கைபட்ட பொருள்களின் பட்டியல் நீளம். விவசாயத்திலும் பருத்தி, பப்பாளி என்று சோதனைகள் செய்துகொண்டே இருந்தார்.

இவற்றில் நம் பேச்சுக்கு முக்கியமானது 1937. அந்த ஆண்டு கோவையில் நாயுடுவின் நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸ் இந்தியாவில் தயாரான முதல் மின் மோட்டாரை வெளியிட்டது. இதில் அவரோடு உழைத்தவர் டி. பாலசுந்தரம் நாயுடு. பின்னர் டெக்ஸ்டூல் என்ற புகழ்பெற்ற நிறுவனத்தைத் தொடங்கியவரும் இவரே. அதாவது, ஒரு பட்டறையில் சேர்ந்து உழைத்தவர் அடுத்த தொழிற்சாலைக்கே முதலாளி ஆனார். கோவை பின்னாளில் மோட்டாருக்கும் பம்புக்கும் பேர்போன ஊராக ஆனதற்கு இப்படிக் கைமாறிய அறிவு பெரிய காரணம். பட்டறையில் கற்றவன் அந்தப் பட்டறையோடு முடிந்துபோகாமல், கற்றதை எடுத்துக்கொண்டு வேறு இடத்தில் முளைக்க முடிந்தது. இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டமில்லாத முதல்வர்

1944-ல் நாயுடு தன் மோட்டார் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகினார். ஆராய்ச்சி உதவித்தொகை, தொழிலாளர் நலன், ஏழைகளுக்கான உதவி என்று பல கொடைகளை அறிவித்தார். அவருடைய முயற்சியாலும் கொடையாலும் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும், 1945-ல் ஆர்தர் ஹோப் பொறியியல் கல்லூரியும் எழுந்தன. ஆர்தர் ஹோப் என்பவர் அப்போதைய சென்னை மாகாண கவர்னர். கல்லூரிக்கு முதல்வராக நாயுடுவே பொறுப்பேற்றார்.

கற்பனை செய்து பாருங்க. ஆரம்பப் பள்ளியையே முடிக்காத ஒருவர் பொறியியல் கல்லூரிக்கு முதல்வர். சிலர் புருவம் உயர்த்தியிருப்பார்கள். ஆனால் எஞ்சினைப் பிரித்துப் பூட்டவும், பட்டறை நடத்தவும், பெரிய நிறுவனத்தை மேய்க்கவும் தெரிந்த முதல்வர் அந்நாளில் எத்தனை கல்லூரிக்கு வாய்த்தார்? தொழிலும் கல்லூரியும் கைகோர்ப்பது பற்றி இன்று எத்தனையோ ஒப்பந்தங்கள் கையெழுத்தாகின்றன. அன்று அந்த இரண்டும் ஒரே மனிதருக்குள் உட்கார்ந்திருந்தன.

மோதல் சீக்கிரமே வந்தது. பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் என்பது அரசின் விதி. நாயுடுவுக்கு அது வீண் செலவாகப் பட்டது. சொல்லித்தர வேண்டியதை இரண்டே ஆண்டில் சொல்லித்தந்துவிடலாம், மீதி இரண்டு ஆண்டும் இளைஞனின் வாழ்நாளைத் தின்கிற காலம் என்பது அவர் வாதம். பிரிட்டிஷ் அரசு ஒப்புக்கொள்ளவில்லை. நாயுடுவும் வளைந்து கொடுக்கவில்லை. தன் முயற்சியால் எழுந்த கல்லூரியின் முதல்வர் பதவியைத் தூக்கி எறிந்துவிட்டு வெளியே வந்தார்.

கல்லூரி பின்னர் அரசின் பொறுப்பில் தடாகம் சாலைக்கு இடம் மாறியது. இன்று அதுதான் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. தமிழ்நாட்டின் பேர்பெற்ற பொறியியல் கல்லூரிகளில் ஒன்று. கல்லூரி இடம் மாறிப்போன பிறகும் அவிநாசி சாலையில் அது முன்பு இருந்த பகுதிக்கு ஹோப் காலேஜ் என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இன்றும் பஸ் கண்டக்டர்கள் அந்தப் பெயரைத்தான் சொல்லி ஆள் இறக்குகிறார்கள்.

அவர் சொன்னது சரியா?

பெரியவர் சொன்னார் என்பதற்காக அப்படியே தலையாட்ட வேண்டியதில்லை. கொஞ்சம் எடை போட்டுப் பார்ப்போம்.

அவர் கண்ட நோய் உண்மையானது. வகுப்பறையில் மட்டும் உட்கார்ந்து ஆண்டுகளைக் கழித்தால், பரீட்சை எழுதத் தெரியும், வேலை செய்யத் தெரியாது. என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளில் சிலருக்கு மோட்டாரின் சூத்திரம் மனப்பாடம். ஆனால் ஓடுகிற மோட்டார் வழக்கத்தைவிட அதிகமாகச் சூடானால் முதலில் எதைப் பார்ப்பது என்று கேட்டால் முழிப்பார்கள். அது அவர்கள் குற்றமில்லை. சூடான மோட்டார் பக்கத்தில் அவர்களை யாரும் நிறுத்தவில்லை, அவ்வளவுதான்.

அவர் சொன்ன மருந்துதான் யோசிக்க வேண்டியது. இரண்டு ஆண்டில் முடித்துவிட்டால், உடனே வேலைக்கு உதவுகிற ஆள் கிடைப்பான். ஆனால் அந்த மிஷினே மாறிப்போனால்? இங்கேதான் நம் பால் மரக் கதையை நினைத்துப் பார்க்க வேண்டும். தோட்டம் நம்மவர்களுக்குத் தொழில் கற்றுத்தந்தது, ஆனால் தோட்டத்துக்குத் தேவையானதை மட்டும்தான் கற்றுத்தந்தது. அந்தத் திறமைக்குக் காகிதம் இல்லை, வெளியே மதிப்பு இல்லை. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது, முப்பது நாற்பது ஆண்டு அனுபவம் உள்ள கைகள் ஒரே நாளில் அனுபவமில்லாத கைகளாக ஆகிவிட்டன. லயத்தை விட்டு வெளியே வந்த குடும்பங்களுக்கு இது புத்தகத்தில் படித்த பாடம் இல்லை.

ஆகவே, வேலையிடத்துக் கல்வி மட்டும் போதும் என்று நம் சமுதாயம் சொல்ல முடியாது. அடிப்படை அறிவும் வேண்டும், வெளியே செல்லுபடியாகும் சான்றிதழும் வேண்டும், கைப்பழக்கமும் வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு கதவு மூடினாலும் இன்னொரு கதவைத் தட்ட முடியும்.

இந்த மூன்றையும் சேர்க்க முயன்றவர்கள் நாயுடுவின் ஊரிலேயே இருந்தார்கள். பீளமேட்டில் பி.எஸ்.ஜி. குடும்பத்துச் சகோதரர்கள் நால்வர் 1926-ல் குடும்பச் சொத்தை ஐந்து பங்காகப் பிரித்து, ஐந்தாவது பங்கை அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். அந்த அறத்திலிருந்து 1951-ல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி பிறந்தது. அதன் முதல் முதல்வர் ஜி.ஆர். தாமோதரன். அந்தக் கல்லூரியின் சிறப்பு, மோட்டாரும் பம்பும் உண்மையிலேயே செய்து விற்கும் தொழிற்கூடம் ஒன்று அதே வளாகத்தில் இருந்ததுதான். மாணவன் விளையாட்டுக்காக லேத் ஓட்டவில்லை. விற்பனைக்குப் போகும் பாகத்தைக் கடைந்தான். அளவு தப்பினால் பொருள் கெடும் என்ற பயத்தோடு கற்றான். சாண்ட்விச் முறை என்று ஒரு படிப்பும் அங்கே வந்தது. வகுப்பும் தொழிற்கூட வேலையும் மாறி மாறி வரும் ஐந்தாண்டுப் படிப்பு. நாயுடு ஆண்டைக் குறைக்கச் சொன்னார். இவர்கள் ஓராண்டைக் கூட்டி, அதற்குள் பட்டறையைக் கொண்டுவந்தார்கள்.

அமெரிக்காவில் சின்சினாட்டிப் பல்கலைக்கழகம் 1906-லேயே இப்படி மாறி மாறிப் படிக்கும் முறையைத் தொடங்கியிருந்தது. ஜெர்மனியில் தொழிற்சாலையும் தொழிற்பள்ளியும் சேர்ந்து ஒரே மாணவனை வளர்க்கும் இரட்டைப் பயிற்சி முறை நாடு முழுக்க வேரூன்றியது. நாயுடு ஜெர்மனியை ஏன் அவ்வளவு மதித்தார் என்பது இதிலிருந்தும் புரிகிறது.

நம் கெடாவில் கதவுகள் எங்கே?

நம் மண்ணுக்கும் தொழில் புதிது இல்லை. செமிலிங் அருகே சுங்கை பத்துவில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே இரும்பு உருக்கிய இடங்களைத் தொல்லியலாளர் தோண்டி எடுத்திருக்கிறார்கள். கடாரத்தின் பெருமையைப் பேசும்போது கோயில்களோடு இந்த உலைகளையும் நாம் சேர்த்துப் பேச வேண்டும்.

இன்றைய நிலவரத்துக்கு வருவோம். பினாங்கில் 1972-ல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை வந்தது. தொழிற்சாலைகள் பெருகின, திறமையான ஆள் போதவில்லை. 1989-ல் அங்கே கம்பெனிகளும் மாநில அரசும் கல்வியாளரும் சேர்ந்து பினாங்கு திறன் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கினார்கள். சந்தையில் ஒருவரோடு ஒருவர் போட்டி போடும் கம்பெனிகள், ஆள் பழக்கும் விஷயத்தில் ஒன்றாகக் கைகோர்த்தன. அப்படிச் சேரும்போது கிடைக்கும் பயிற்சி ஒரே ஒரு கம்பெனிக்கு மட்டும் பொருந்துவதாக இருக்காது. இதுதான் அதில் எனக்குப் பிடித்த அம்சம். 1996-ல் கூலிம் ஹைடெக் பார்க் வந்தபிறகு நம் மாநிலத்துப் பிள்ளைகளுக்கும் அந்த உலகம் பக்கத்தில் வந்துவிட்டது.

நாட்டளவிலும் வழிகள் உண்டு. 2005-லிருந்து தேசிய இரட்டைப் பயிற்சி முறை இருக்கிறது. எஸ்.எல்.டி.என். என்று சொல்வார்கள். பயிற்சியில் சுமார் 70 விழுக்காடு தொழிலிடத்தில், மீதி பயிற்சி நிலையத்தில். முடித்தால் மலேசியத் திறன் சான்றிதழ், அதாவது எஸ்.கே.எம். கிடைக்கும். எஸ்.பி.எம்.-மில் எதிர்பார்த்த புள்ளி வராத தம்பிகளுக்கு இது நல்ல வழி. பாலிடெக்னிக் டிப்ளோமாவில் ஒரு செமஸ்டர் முழுக்கத் தொழில் பயிற்சிக்குப் போகிறது. பல்கலைக்கழகங்களில் 2யு2ஐ என்ற திட்டம் வந்திருக்கிறது. இரண்டு ஆண்டு பல்கலைக்கழகத்தில், இரண்டு ஆண்டு தொழில்துறையில். நாயுடு கேட்ட அந்த இரண்டு ஆண்டு இங்கே வேறு உருவத்தில் வந்து நிற்பதைக் கவனித்தீர்களா? மொத்தம் நான்கு ஆண்டுதான். பாதி மட்டும் பட்டறைக்கு நகர்ந்திருக்கிறது.

இப்படிச் சேர்ந்து படித்தவர்களிடம் என்ன வித்தியாசம் என்று கேட்டால், நான் கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன். மிஷின் பழக்கம் மட்டும் இல்லை. ஷிப்ட் மாறும்போது அடுத்தவரிடம் நிலவரத்தைத் தெளிவாகச் சொல்லத் தெரிகிறது. மின்சாரத்தை அணைத்துப் பூட்டுப் போடாமல் பெட்டியைத் திறக்கக்கூடாது என்பது உடம்போடு ஊறிவிடுகிறது. பழுது என்ன, காரணம் என்ன, என்ன செய்தோம் என்று மூன்று வரியில் ரிப்போர்ட் எழுதுகிறார்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் கூச்சம் விட்டுப் பேசுகிறார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி உடனே கேட்கிறார்கள். இன்டர்வியூவில் முதலாளி தேடுவது இவற்றைத்தான்.

கோத்தா கோலா மூடா பசார் பிசிக் உங்களுக்குத் தெரியும். மீன் ஏலத்தில் வாங்குபவர் விலையைச் சத்தம் போட்டுச் சொல்ல மாட்டார், ஏலம் விடுபவர் காதில் கிசுகிசுப்பார். அந்த வியாபாரத்தைத் தூரத்தில் நின்று கற்க முடியாது. மீனைப் பார்க்க வேண்டும், ஆளைப் பார்க்க வேண்டும், விலையைக் கணிக்க வேண்டும், எல்லாமே பக்கத்தில் நின்றால்தான் வரும். தொழிற்சாலையும் அப்படித்தான்.

ஆனால் எல்லாப் பயிற்சியும் பயிற்சி ஆகிவிடாது. கையெழுத்து ஒப்பந்தம் சுவரில் தொங்கும், பிள்ளை ஆறு மாதமும் பெட்டி அடுக்கிக்கொண்டும் காகிதம் நகல் எடுத்துக்கொண்டும் இருப்பான். ஒரு கம்பெனியில் பயிற்சி மாணவர்களை ஆள் குறையும் வரிசையில் மட்டும் நிறுத்திக் காலத்தை ஓட்டியதை நானே பார்த்திருக்கிறேன். அது குறைந்த கூலிக்கு ஆள் பிடிப்பது, கல்வி இல்லை. தோட்டத்துக் காலம் வேறு சட்டை போட்டுக்கொண்டு வருவதை நாம் அனுமதிக்கக்கூடாது.

சேருவதற்கு முன் கேளுங்கள்

காலேஜ் விளம்பரத்தில் கம்பெனிகளின் சின்னம் வரிசையாக இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். பதிவு செய்யும் முன் அப்பா அம்மாவோடு போய் இவற்றைக் கேளுங்கள்.

முதலாவது, தொழில் பயிற்சி மொத்தம் எத்தனை வாரம், கம்பெனியைக் காலேஜே ஏற்பாடு செய்யுமா, இல்லை மாணவரே தேடிக்கொள்ள வேண்டுமா?

இரண்டாவது, கம்பெனியில் மாணவருக்கு வழிகாட்ட ஒரு பொறுப்பாளர் உண்டா? விரிவுரையாளர் நேரில் வந்து பார்ப்பாரா?

மூன்றாவது, பாடத்திட்டத்தை வகுப்பதில் கம்பெனிக்குப் பங்கு உண்டா? பட்டறையில் உள்ள மிஷின்கள் இன்றைய தொழிற்சாலையில் ஓடுகிறவைதானா?

நான்காவது, கிடைக்கும் சான்றிதழை அரசாங்கம் அங்கீகரிக்கிறதா? வேறு கம்பெனிக்குப் போனாலும், மேற்கொண்டு படிக்கப் போனாலும் அது செல்லுமா?

ஐந்தாவது, போன ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? முடிந்தால் அவர்களில் இருவரிடம் நீங்களே பேசுங்கள்.

பயிற்சிக்குப் போன பிறகு உங்கள் பங்கும் இருக்கிறது. லாக் புக்கை வாரக் கடைசியில் மொத்தமாக நிரப்பாமல் அன்றன்றைக்கே எழுதுங்கள். என்ன செய்தேன் என்பதோடு ஏன் அப்படிச் செய்தோம் என்பதையும் எழுதுங்கள். மூத்த தொழிலாளி, அவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், எந்த இனத்தவராக இருந்தாலும், மரியாதையாக அண்ணே, அக்கா, அபாங், காக்காக் என்று அழைத்துக் கேளுங்கள். புத்தகத்தில் இல்லாதது அவர்கள் கையில் இருக்கும். இரண்டு வாரம் ஆகியும் சம்பந்தமில்லாத வேலையே கொடுத்தால், சண்டை போடாமல், உங்கள் விரிவுரையாளரிடம் எழுத்தில் தெரிவியுங்கள். அது உங்கள் உரிமை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கையில் கிரீஸ் படுவது கௌரவக் குறைச்சல் இல்லை. நவராத்திரியின் ஒன்பதாம் நாள் சரஸ்வதி பூஜை, அன்றைக்கே ஆயுத பூஜை. புத்தகத்தையும் ஸ்பேனரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொட்டிட்டுக் கும்பிடுகிறவர்கள் நாம். பூஜை முடிந்ததும் புத்தகம் மட்டும் உயர்ந்தது என்று பிள்ளைக்குச் சொல்லித்தந்தால் அந்தப் பூஜைக்கு அர்த்தம் ஏது?

ஜி.டி. நாயுடு 1974 ஜனவரி 4-ஆம் நாள் காலமானார். கோவையில் அவர் பெயரால் அருங்காட்சியகம் இருக்கிறது. 2025-ல் அவிநாசி சாலையில் திறக்கப்பட்ட நீண்ட மேம்பாலத்துக்கும் அவர் பெயரையே வைத்தார்கள். அந்தப் பாலம் ஹோப் காலேஜ் பகுதியைத் தாண்டித்தான் போகிறது. ஆண்டுக் கணக்கில் அவர் கேட்டது நிறைவேறவில்லை. ஆனால் படிக்கிற இளைஞனின் ஒவ்வொரு ஆண்டும் விலைமதிப்புள்ளது, அதை வீணாக்க எந்தக் கல்லூரிக்கும் எந்தக் கம்பெனிக்கும் உரிமை கிடையாது என்று அவர் பிடித்த பிடி இன்றும் சரியானதுதான். அடுத்த பதிவுக் காலம் வருவதற்குள் மேலே சொன்ன ஐந்து கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தம்பி தங்கைகளுக்கும் ஒரு நகல் கொடுங்கள்.